தகவல் எழுத்தறிவு: பிள்ளைகளிடம் தொடங்குவதா, வயலில் தொடங்குவதா?

டெல்டாவில் ஒரு ஊராட்சி. கையில் ஒரு பருவத்துக்கான பணம்தான் இருக்கிறது. சொல்லிக்கொடுக்க இரண்டு மூன்று பேர் கிடைத்திருக்கிறார்கள். போனிலும் வாய்வழியாகவும் வந்து விழுகிற செய்திகளில் எதை நம்புவது, எங்கே சரிபார்ப்பது, யாரிடம் எப்படிக் கேட்பது என்பதை ஊரில் கற்றுக்கொடுக்க வேண்டும். தகவல் எழுத்தறிவு என்று சொல்வது இதைத்தான். இதை உயர்நிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பதா, விவசாயிகளுக்கே நேராகக் கற்றுக்கொடுப்பதா?

வாசகர் வட்டங்கள், உழவர் உற்பத்தியாளர் குழுக்கள், நாட்டு நலப்பணித் திட்ட ஆசிரியர்கள் எல்லோரும் வந்து நிற்கிற கேள்வி இது. பெரும்பாலும் “இரண்டு தரப்புக்கும் சேர்த்து ஒரு நாள் முகாம் போட்டுவிடலாம்” என்று முடித்துவிடுகிறார்கள். என் பார்வையில் இருக்கிற வழிகளிலேயே பலன் குறைந்தது அதுதான். ஏன் என்று சொல்வதற்கு முன், எதைக் கற்றுக்கொடுக்கப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும்.

பொய்யைப் பிடிப்பது மட்டும் போதாது

நவம்பரில் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வருகிறது: “சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் காலக்கெடு நீட்டிப்பு.” இது மெய்யாக இருக்கலாம். அப்படி நீட்டித்த வருடங்கள் உண்டு. போன வருடத்து அறிவிப்பாகவும் இருக்கலாம், வேறு மாநிலத்துக்கானதாகவும் இருக்கலாம். நம்பி நான்கு நாள் தள்ளிப்போட்டவருக்கு அந்தப் பருவத்தில் காப்பீடே இல்லாமல் போகும். கொள்முதல் நிலையத்து ஈரப்பதமும் இதே மாதிரிதான். நெல்லில் ஈரம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள், அதுதான் வரம்பு. மழையில் நெல் நனைந்த சில பருவங்களில் ஒன்றிய அரசு அதைத் தளர்த்தியிருக்கிறது. ஆகவே “ஈரப்பதம் தளர்வு” என்று வருவதைப் பார்த்தவுடன் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, மெய் என்று நெல்லை வண்டியில் ஏற்றவும் முடியாது. எந்தத் தேதி, எந்தப் பருவம், எந்த மாநிலம், யார் வெளியிட்டது என்று பார்க்கத் தெரிய வேண்டும். பார்த்த பிறகு, உதவி வேளாண்மை அலுவலரையோ கொள்முதல் நிலையத்தையோ கேட்டு உறுதி செய்யத் தெரிய வேண்டும்.

மோசடிச் செய்திகள் இன்னொரு வகை. விவசாயிகளுக்கு ஒன்றிய அரசு கொடுக்கிற பி.எம். கிசான் உதவித்தொகை வருடத்துக்கு 6,000 ரூபாய், மூன்று தவணையாக வருகிறது. அதன் பெயரைச் சொல்லி, போனில் செயலியை நிறுவுகிற ‘ஏபிகே’ கோப்பு ஒன்று வாட்ஸ்அப்பில் வரும். தொட்டு நிறுவினால் வங்கிக் கணக்கில் இருப்பது போய்விடும். இங்கே கற்றுக்கொடுக்க வேண்டிய விதி சுருக்கமானது: அரசுத் திட்டத்துக்கான செயலியை யாரும் வாட்ஸ்அப்பில் அனுப்ப மாட்டார்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930க்குக் கூப்பிட வேண்டும்.

மூன்றாவது வகையைப் பலரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. பூச்சிமருந்துப் புட்டியின் சீட்டு. அதில் எந்தப் பயிருக்கு, எந்தப் பூச்சிக்கு, எவ்வளவு அளவு, தெளித்து எத்தனை நாள் கழித்து அறுக்கலாம் என்பதெல்லாம் இருக்கிறது. சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நஞ்சின் கடுமையைக் காட்டும் வண்ணக் குறியும் இருக்கிறது. சிவப்புதான் மிகக் கொடியது, பச்சை குறைந்தது. அச்சடித்துக் கைக்கு வந்துவிட்ட தகவல் இது. ஆனாலும் தெளிக்கும்போது கடைக்காரர் வாய்ச்சொல்லில் சொன்ன அளவுதான் டேங்கில் போகிறது. 2018இல் அமெரிக்கப் படைப்புழு கர்நாடகத்தில் முதலில் தென்பட்டு, அதே ஆண்டு தமிழ்நாட்டு மக்காச்சோளத்திலும் இறங்கியது. அது யாருக்கும் பழக்கமில்லாத புழு. அந்த மாதிரி நேரத்தில்தான் ‘யார் சொல்வதைக் கேட்பது’ என்பது நேரடியாக விளைச்சல் பிரச்சினை ஆகிறது.

இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டுதான் கீழே உள்ள வழிகளை எடைபோடுகிறேன்.

ஒரு நாள் முகாம்

செலவு குறைவு, ஏற்பாடு சுலபம், ஆட்சியர் அலுவலகத்துக்கு அறிக்கையும் கொடுத்துவிடலாம். ஆனால் திறமை வருகிறதா என்று பார்த்தால் சாட்சி பலமாக இல்லை. 2019 நாடாளுமன்றத் தேர்தல் சமயத்தில் பீகாரின் கயா மாவட்டத்தில் சுமித்ரா பத்ரிநாதன் என்ற ஆய்வாளர் 1,200க்கும் மேற்பட்டவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். அவர்களில் ஒரு பகுதியினரிடம் வீடு தேடிப்போய் சுமார் ஒரு மணி நேரம் உட்கார்ந்து, பொய்ச்செய்தியை எப்படிச் சரிபார்ப்பது என்று நேருக்கு நேராகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு சோதித்தபோது, கற்றவர்களுக்கும் கற்காதவர்களுக்கும் மொத்தத்தில் வித்தியாசம் தெரியவில்லை. அது அரசியல் செய்திகளைப் பற்றியது, கட்சிப் பற்று குறுக்கே நின்றது என்று சொல்லலாம். உண்மைதான். ஆனாலும் ஆளுக்கு ஆள் நேரில் உட்கார்ந்து சொன்னதே அவ்வளவுதான் என்றால், நூறு பேரை ஷாமியானாவில் உட்காரவைத்துப் பேசுவதில் என்ன எதிர்பார்க்க முடியும்? இந்த வழியை நான் முதலிலேயே கழித்துவிடுகிறேன்.

பிள்ளைகள்

அதே பீகாரில் நடந்த அடுத்த முயற்சியைத்தான் தமிழ்நாட்டில் இதைச் செய்ய நினைக்கிறவர்கள் நிதானமாகப் படிக்க வேண்டும். பத்ரிநாதனும் சக ஆய்வாளர்களும் இந்த முறை ஜீவிகா என்ற மாநில அரசின் ஊரக வாழ்வாதார அமைப்போடு சேர்ந்துகொண்டார்கள். 583 கிராமங்கள், 13,500க்கும் மேற்பட்ட மாணவர்கள், எட்டாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. இடம் பள்ளிக்கூடம் அல்ல, ஜீவிகா நடத்துகிற கிராம நூலகங்கள். 14 வாரங்களில் நான்கு வகுப்புகள். பாடம் உடல்நலம் பற்றிய பொய்ச்செய்திகள். முடிவில் மெய்யையும் பொய்யையும் பிரித்துப் பார்ப்பதில் மாணவர்கள் தெளிவாக முன்னேறியிருந்தார்கள். நான்கு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்தத் திறமை இருந்தது, பாடத்தில் இல்லாத அரசியல் செய்திகளுக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான்: வகுப்புக்கே வராத அவர்களுடைய பெற்றோரிடமும் முன்னேற்றம் தெரிந்தது.

உகாண்டாவிலும் இதற்குப் பக்கத்தில் வருகிற ஒரு சான்று இருக்கிறது. அங்கே 120 தொடக்கப் பள்ளிகளில் 10,000க்கும் மேற்பட்ட பிள்ளைகளை வைத்து, சிகிச்சைகளைப் பற்றிச் சொல்லப்படுகிறவற்றை எப்படி எடைபோடுவது என்று படக்கதைப் புத்தகத்தோடு ஒரு பருவம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி, பாடம் படித்த பிள்ளைகளில் 69 சதவீதம் பேர் தேர்வில் தேறினார்கள், படிக்காதவர்களில் 27 சதவீதம்தான். அதே சமயம் பெற்றோருக்குத் தனியாக ஒலிப்பதிவுத் தொடர் ஒன்றும் கொடுத்தார்கள். கேட்டவர்களில் 71 சதவீதம் தேறினார்கள், கேட்காதவர்களில் 38. அப்போதைக்கு இரண்டும் வெற்றிதான். ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதுதான் வேறுபாடு புரிந்தது. பிள்ளைகளிடம் அது தங்கியிருந்தது, பெரியவர்களிடம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

இந்த இரண்டு சான்றுகளும் பிள்ளைகள் பக்கம் சாய்கின்றன. நம் ஊர் நிலவரமும் அதற்குத் துணையாக இருக்கிறது. பல வீடுகளில் போன் அப்பா பெயரில் இருந்தாலும், வந்த செய்தியைத் திறந்து வாசித்துக் காட்டுவது ஒன்பதாவது படிக்கிற பிள்ளைதான். தமிழ்நாடு அரசின் உழவன் செயலியில் பதிவு செய்வதும், பட்டா சிட்டாவை இணையத்தில் எடுப்பதும், ஓ.டி.பி. சொல்வதும் அதே பிள்ளை. வீட்டுக்குள் தகவல் வருகிற வாசலில் ஏற்கெனவே அவர்கள் நிற்கிறார்கள்.

ஆனால் பள்ளி வகுப்பறையா, நூலகமா என்பதில் நான் நூலகத்தைத்தான் சொல்வேன். கேரளம் பள்ளி வழியாகவே இதைச் செய்து காட்டியிருக்கிறது. 2018இல் கண்ணூர் மாவட்டத்தின் அரசுப் பள்ளிகளில் தொடங்கிய ‘சத்யமேவ ஜயதே’ வகுப்புகள் பின்னால் மாநிலத் திட்டமாக வளர்ந்து, ஐந்தாம், ஏழாம் வகுப்புத் தகவல் தொழில்நுட்பப் பாடப்புத்தகங்கள் வரைக்கும் போயிருக்கின்றன. பாராட்ட வேண்டிய வேலை. ஒரு மாநிலம் முடிவெடுத்தால் அப்படிச் செய்யலாம். ஒரு ஊர்க் குழுவால் பாடத்திட்டத்தை மாற்ற முடியாது. பள்ளியில் கேட்டால் காலாண்டுத் தேர்வுக்கும் அரையாண்டுத் தேர்வுக்கும் நடுவே ஒரு பாடவேளை கிடைக்கும், அதையும் கணக்கு ஆசிரியர் கேட்டு வாங்கிக்கொள்வார். அதுவும் பள்ளியில் நடந்தால் பிள்ளைகள் அதை மதிப்பெண் பாடமாகவே பார்ப்பார்கள்.

ஊர்ப்புற நூலகம் வேறு. சொத்து வரியோடு பத்து சதவீதம் நூலக வரி நாம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறோம். சுதந்திரத்துக்குப் பிறகு இந்தியாவிலேயே முதல் பொது நூலகச் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்கும் முன்னால் 1931இல், மன்னார்குடி பக்கத்து மேலவாசலிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகங்களை ஏற்றிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போனார்கள். அந்த முயற்சிக்குத் துணை நின்றவர், இந்திய நூலகவியலின் தந்தை என்று சொல்லப்படுகிற, சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். வயலில் வேலை செய்கிறவருக்குப் புத்தகம் போய்ச் சேர வேண்டும் என்பதை டெல்டா அன்றைக்கே செய்து பார்த்திருக்கிறது. இன்றைக்கு அதே மண்ணில் நூலகத்தை இதற்குப் பயன்படுத்தாமல் விடுவது எனக்கு மனசு ஆறவில்லை.

பிள்ளைகள் வழியில் இருக்கிற சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை பெரியப்பாவிடம் “நீங்க அனுப்புனது பொய்” என்று சொன்னால், “எனக்கே சொல்லித்தர்றியா?” என்ற பதிலோடு அன்றைக்கே எல்லாம் முடிந்துவிடும். ஆகவே பிள்ளைகளுக்குத் திருத்துவதைச் சொல்லிக்கொடுக்கக் கூடாது, கேட்பதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். “பெரியப்பா, இது எந்தத் தேதியில வந்தது?” “இது நம்ம மாவட்டத்துக்குத்தானா, பார்க்கட்டுமா?” இப்படிக் கேட்டுப் பழக்குவதற்கே ஒரு வகுப்பு முழுக்க ஒதுக்கலாம். இன்னொன்று, பீகார் பாடமும் உகாண்டா பாடமும் உடல்நலம் பற்றியவை. பயிர், காப்பீடு, சந்தை விலை போன்றவற்றுக்கு அது அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. பாடத்தை நாம்தான் நம் ஊருக்கு எழுத வேண்டும்.

வயல்

விவசாயிகளுக்கு நேராகக் கற்றுக்கொடுப்பது என்றால் உருப்படியான முன்மாதிரி உழவர் வயல்வெளிப் பள்ளிதான். இந்தோனேசியாவில் புகையான் என்ற பூச்சி நெல்லைச் சூறையாடிக்கொண்டிருந்தது. மருந்து தெளிக்கத் தெளிக்கப் புகையானைத் தின்கிற சிலந்தியும் மற்ற நன்மை செய்யும் பூச்சிகளும் செத்து, புகையான் இன்னும் பெருகியது. 1986இல் அந்த நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்தது. 1989இல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் துணையோடு வயல்வெளிப் பள்ளிகள் தொடங்கின. சுமார் 25 பேர் வாரம் ஒருநாள் வயலில் கூடுவார்கள். தூர்களைப் பார்த்து, கெட்ட பூச்சி எத்தனை, நல்ல பூச்சி எத்தனை என்று எண்ணி, தாளில் படம் வரைந்து, தெளிக்க வேண்டுமா வேண்டாமா என்று அவர்களே பேசி முடிவெடுப்பார்கள். நாற்று முதல் அறுப்பு வரைக்கும் இப்படியே போகும்.

தகவல் எழுத்தறிவு என்ற பெயரில் அதை யாரும் தொடங்கவில்லை. ஆனால் கடைக்காரர் சொன்னதையும் பக்கத்து வயல்காரர் செய்ததையும் தன் கண்ணால் எண்ணிப் பார்த்ததோடு ஒப்பிடுவதுதான் இந்தத் திறமையின் உயிர்நாடி. எழுதப் படிக்கத் தெரியாதவரும் இதில் முழுப் பங்கு எடுக்கலாம். களை எடுக்கப் போகிற பெண்கள் பயிரை மற்ற யாரையும்விட அருகில் பார்க்கிறவர்கள். நேரத்தை அவர்களுக்கு ஏற்றபடி வைத்தால் அவர்களும் வருவார்கள். வேளாண் விரிவாக்கத்துக்கான அட்மா திட்டத்தின் கீழ் பண்ணைப் பள்ளி என்ற பெயரில் இது நம்மிடமும் நடக்கிறது.

ஆழத்தில் பார்த்தால் இதற்கு இணையான வழி இல்லை. பரவலில்தான் குறை. 2004இல் வெளியான உலக வங்கி ஆய்வாளர்களின் அலசலில், இந்தோனேசியாவில் பள்ளிக்கு வந்தவர் கற்றது பக்கத்து வயல்காரருக்குப் பெரிதாகப் போய்ச் சேரவில்லை என்று தெரிந்தது. கண்ணால் பார்த்து எண்ணிக் கற்றது வாயால் சொல்லிப் புரியாது என்பதால்தான் என்று நினைக்கிறேன். மேலும் பருவம் முழுக்க வாராவாரம் வருகிற, பூச்சியை அடையாளம் தெரிந்த ஒருவர் தேவை. அப்படி ஒருவர் இருந்தால் 25 குடும்பம் கற்கும். அந்த 25-இல் குத்தகைக்காரர் எத்தனை பேர், நிலமில்லாதவர் எத்தனை பேர் என்பதையும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டா வைத்திருக்கிற, ஏற்கெனவே வேளாண் விரிவாக்க மையத்தில் நாலு பேரைத் தெரிந்த ஆட்களே வந்து உட்காருவார்கள்.

வானொலியும் போனும்

1960களில் திருச்சி வானொலி சொல்லக் கேட்டுத் தஞ்சை விவசாயிகள் ஏ.டி.டி. 27 நெல்லை நட்டார்கள். அதற்கு ‘ரேடியோ நெல்’ என்றே பேர் வந்தது. குரல் வழியாக ஒரு செய்தி எவ்வளவு வேகமாக ஊர் ஊராகப் போகும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி நம்மிடம் இல்லை. ஆனால் அது செய்தியைச் சேர்த்தது, எடைபோடக் கற்றுக்கொடுக்கவில்லை. 1956இல் புனே பக்கத்துக் கிராமங்களில் வானொலிக் குழுக்களை அமைத்துப் பார்த்தபோது, சேர்ந்து கேட்டு, கேட்டதைப் பேசிய ஊர்களில்தான் அறிவு கூடுதலாக ஏறியது. வெறுமனே பெட்டி மட்டும் இருந்த ஊர்களில் அந்த அளவுக்கு இல்லை.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரியில் தொடங்கிய கிராம அறிவு மையங்களும் இதையே காட்டின. வில்லியனூரில் இருந்த மையத்திலிருந்து மற்ற ஊர்களுக்குத் தகவல் போகும். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படை இணையதளத்திலிருந்து அலை உயரத்தை எடுத்து, ஒலிபெருக்கியில் மீனவர்களுக்குச் சொன்னார்கள். தகவலுக்கும் ஊருக்கும் நடுவில் ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், அதனால் அது நடந்தது.

இன்றைக்கு உழவன் செயலி, செவ்வாயும் வெள்ளியும் வருகிற வானிலை சார்ந்த வேளாண் ஆலோசனை, காலை ஆறு முதல் இரவு பத்து வரை எடுக்கிற கிசான் கால் சென்டரின் 1800-180-1551 எல்லாம் இருக்கின்றன. சரிபார்க்கப் போவதற்கு இவை நல்ல இடங்கள். இவற்றையே வகுப்பாக நினைத்து, ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, வாரம் இரண்டு குரல் பதிவு அனுப்பினால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. உகாண்டாவில் பெரியவர்களுக்கு நடந்ததே இங்கேயும் நடக்கும்.

வேளாண் கல்லூரி இறுதியாண்டு மாணவர்கள் ஊரக வேளாண் பணி அனுபவத் திட்டத்தில் கிராமத்தில் வந்து தங்குகிறார்கள். நாட்டு நலப்பணித் திட்டத்தின் சிறப்பு முகாம் ஏழு நாள். இவர்களைத் தனி வழியாக நான் எண்ணவில்லை, கூடுதல் கையாகத்தான் பார்க்கிறேன். பூச்சி எண்ணவும் சீட்டு வாசிக்கவும் வயலில் கூட நிற்கட்டும்.

என் தேர்வு

ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால்: ஊர்ப்புற நூலகத்தில் எட்டாம் வகுப்பு முதல் பதினொன்று வரையிலான பிள்ளைகளுக்கு மூன்றரை மாதத் தொடர். ஜூலை கடைசியில் தொடங்கி, வடகிழக்குப் பருவமழையின் புயல் எச்சரிக்கைகளும் காப்பீட்டுக் காலக்கெடுவும் வருகிற நவம்பர் நடுப்பகுதிக்குள் முடிக்க வேண்டும். நான்கு வகுப்புகளுக்குப் பதில் ஆறு வைத்தால் நல்லது. ஒவ்வொரு வகுப்புக்கும் பிள்ளை வீட்டிலிருந்து ஒரு கேள்வி கொண்டுவர வேண்டும். பொதுவாக ‘இணையப் பாதுகாப்பு’ என்று இருக்கக் கூடாது. “அப்பா வாங்கிவந்த மருந்தில் என்ன குறி போட்டிருக்கிறது?”, “சம்பாவுக்கு நாங்கள் கட்ட வேண்டிய காப்பீட்டுப் பங்கு காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம் என்கிறார்கள், எங்கள் ரசீதில் அப்படித்தான் இருக்கிறதா?” என்று இருக்க வேண்டும். வகுப்பில் சேர்ந்து தேடி, இரண்டு இடத்தில் சரிபார்த்து, பதிலை ஒரு தாளில் எழுதி, எங்கிருந்து எடுத்தது என்பதையும் குறித்து வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டும். பீகாரில் பெற்றோருக்குப் போய்ச் சேர்ந்தது தானாக நடந்தது. இங்கே அதைத் திட்டமாகவே வைக்கலாம்.

பூச்சி தெரிந்த ஒருவர் பருவம் முழுக்க வரத் தயாராக இருந்தால் என் பதில் மாறும். அப்போது வயல்வெளிப் பள்ளியையே எடுப்பேன், ஏனென்றால் அப்படிப்பட்ட ஆள் கிடைப்பது அரிது. படிக்கிற பிள்ளைகள் இல்லாத முதியவர் வீடுகளும், பிள்ளைகள் வெளியூர் விடுதிகளில் படிக்கிற வீடுகளும் அதிகம் உள்ள ஊரிலும் அப்படித்தான். இரண்டுக்கும் வசதி இருந்தால், நூலகப் பிள்ளைகளை மாதம் ஒருமுறை வயல்வெளிப் பள்ளிக்குக் கூட்டிப்போய் எழுதுகிற வேலையை அவர்களிடம் கொடுக்கலாம்.

நூலகம் பூட்டிக் கிடக்கிறதா? 2006இல் தொடங்கிய அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் கட்டிய நூலகங்களில் பல அப்படித்தான் கிடக்கின்றன. சாவி ஊராட்சி அலுவலகத்தில் இருக்கும். கிராம சபையில் ஒரு தீர்மானம் வைத்து, சனிக்கிழமை மாலைகளுக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள். கிடைக்கிற வரைக்கும் கூட்டுறவுச் சங்கத் திண்ணையிலேயே நடத்தலாம்.

தொடங்குவதற்கு முன்பே எட்டுச் செய்திகளை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நான்கு மெய், நான்கு பொய் அல்லது காலாவதியானவை, எல்லாம் இந்த மாவட்டத்துக் குழுக்களில் உண்மையிலேயே சுற்றியவை. பிள்ளைகளிடமும் அவர்கள் பெற்றோரில் சிலரிடமும் முதல் வாரத்தில் காட்டி, எது எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். தொடர் முடிந்ததும், அப்புறம் மார்ச்சில் அறுப்பெல்லாம் ஓய்ந்த பிறகும், இதே மாதிரி வேறு எட்டுச் செய்திகளைக் காட்டிக் கேட்க வேண்டும். மார்ச்சில் பெற்றோரின் விடைகள் முதல் வாரத்தில் இருந்த இடத்திலேயே நின்றால், அடுத்த பருவத்துப் பணத்தை வயலுக்குக் கொண்டுபோய்விடலாம்.